நல்ல ரோடு வந்ததும் செடான் எங்கே போனது?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு சென்னையிலிருந்து மதுரைக்குக் கிளம்பி, செங்கல்பட்டைத் தொடுவதற்கு முன்னாலேயே டோல்கேட் வரிசையில் மாட்டிக்கொண்டோம். பொழுது போகாமல் என் லேனிலும் பக்கத்து லேனிலும் நின்ற கார்களை எண்ணினேன். மொத்தம் 17. அதில் 11 எஸ்யூவி, அல்லது எஸ்யூவி மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறவை. 3 ஹேட்ச்பேக், ஒரு இன்னோவா. செடான், அதாவது பின்னால் தனியாக டிக்கி நீட்டிய தாழ்ந்த கார், இரண்டே இரண்டு. ஒன்று மஞ்சள் போர்டு டிசையர், இன்னொன்று நாங்கள் உட்கார்ந்திருந்தது.

நாடு முழுக்க இதே கதைதான். 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற சுமார் 43 லட்சம் பயணிகள் வாகனங்களில் ஏறக்குறைய 65 சதவீதம் எஸ்யூவி, எம்பிவி (இன்னோவா மாதிரி) வகையறா. 2018-ல் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் டிசையர், அதாவது டிக்கி வைத்த ஒரு செடான். 2024-ல் அந்த நாற்காலியில் டாடா பஞ்ச் வந்து உட்கார்ந்துவிட்டது. நடுவில் கொரோலா ஆல்டிஸ், சிவிக், யாரிஸ், எலான்ட்ரா, ஆக்டேவியா என்று ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டின. 2025-ல் சியாஸும் போனது.

எனக்குப் பிடிபடாமல் இருந்தது ஒரு விஷயம்தான். செடான் என்பதே நெடுஞ்சாலைக்கென்று பிறந்த கார். நம் ஊரில் நெடுஞ்சாலை என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்று வந்தது 2000-களில்தான், அதற்கு முன்னால் திருச்சி போகவே ஒரு நாளில் பாதி போய்விடும், எதிரே வரும் பஸ்ஸுக்கு வழிவிட்டு மண்ணில் இறங்கி ஏறிய காலம் அது. அந்த ரோட்டில் சிட்டி, லான்சர், ஐகான் என்று செடான்களை ஆசையாக வாங்கினோம். நாலு வழிச் சாலை வந்து, பைபாஸ் வந்து, மேம்பாலம் வந்து, செடான் ஓட்ட இதைவிட நல்ல நேரம் கிடையாது என்கிற நிலைமை வந்தபோது எல்லோரும் செடானை விட்டுவிட்டார்கள். தலைகீழாக அல்லவா நடந்திருக்கிறது?

'மக்களுக்கு ரசனை மாறிவிட்டது' என்று கார்ப் பிரியர்கள் அலுத்துக்கொள்வார்கள். அது பாதி பதில்தான்.

முதலில் செடானில் அப்படி என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். இதற்குக் கைவசம் ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஃபோக்ஸ்வாகன் கம்பெனியின் வர்ட்டஸும் டைகனும் ஒரே அடித்தளத்தில் செய்தவை. அதே 1 லிட்டர், 1.5 லிட்டர் டர்போ என்ஜின்கள், இரண்டு அச்சுக்கும் நடுவே அதே 2,651 மில்லிமீட்டர். வர்ட்டஸ் செடான், டைகன் எஸ்யூவி. வர்ட்டஸ் டைகனைவிட 34 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் குட்டை. டிக்கி வர்ட்டஸில் 521 லிட்டர், டைகனில் 385. சரி, எஸ்யூவி என்று கூடுதலாகக் காசு வாங்குகிறார்களே, தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு கூடுதல்? செடானுக்கு 179, எஸ்யூவிக்கு 188. வெறும் 9 மில்லிமீட்டர். ஒரு சுண்டுவிரல் பருமன்கூட இல்லை.

அந்த 10 சென்டிமீட்டர் குட்டைதான் நெடுஞ்சாலையில் பேசும். காற்று எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிற சமாச்சாரம். 80-ல் போகும்போது இருக்கிற எதிர்ப்பு 110-ல் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். காற்றுக்குக் காட்டுகிற முகம் சின்னதாகவும் பின்பக்கம் சரிவாக முடிவதாகவும் இருக்கிற வண்டி அந்த இடத்தில் பெட்ரோலை மிச்சம் பிடிக்கும், சத்தமும் குறையும். அப்புறம் எடை தரைக்குப் பக்கத்தில் இருப்பதால், திடீரென்று ஒரு நாய் குறுக்கே வந்து ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினால், வண்டி சாய்ந்து ஆடிவிட்டு அப்புறம் நிமிராமல், சொன்ன இடத்துக்குச் சொன்ன நேரத்தில் போய் நிற்கும். ஓட்டுகிறவருக்கு இது சுகம். பின்சீட்டில் உட்கார்ந்து வருகிற அம்மாவுக்கு, வாந்தி வராமல் ஊர் போய்ச் சேருவது.

இந்தச் சுகத்தை இந்தியாவுக்குப் பழக்கிவிட்டதில் சென்னையைச் சுற்றியிருக்கிற தொழிற்சாலைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. மிட்சுபிஷி லான்சர் திருவள்ளூரில் உருவானது. ஃபோர்டு ஐகானும் அதன் பின் வந்த ஃபியஸ்டாவும் மறைமலைநகர். ஹூண்டாய் அக்சென்ட், வெர்னா எல்லாம் இருங்காட்டுக்கோட்டை. 1990-கள் முடிகிற சமயத்தில், அம்பாசிடரும் பத்மினியும் எஸ்டீமும் பார்த்த கண்ணுக்கு லான்சரின் அந்தத் தாழ்ந்த மூக்கு என்ன தோன்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீடு கட்டி, பெண்ணுக்குக் கல்யாணம் முடித்து, அதற்கப்புறம் வாங்குகிற கார் என்று ஒன்று இருந்தது. அது டிக்கி வைத்த காராகத்தான் இருக்கும். டிக்கி இல்லாத கார் என்றால் 'சின்ன கார்'.

இதே சென்னைச் சுற்றுவட்டாரம்தான் செடானுக்குக் குழியும் பறித்தது. 2012-ல் ஒரகடத்திலிருந்து ரெனோ டஸ்டர், 2013-ல் அதே மறைமலைநகரிலிருந்து எகோஸ்போர்ட், 2015-ல் அதே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து க்ரெட்டா. வெர்னா வாங்க ஷோரூமுக்குப் போனவர் பக்கத்தில் நின்ற க்ரெட்டாவைப் பார்த்து மனசை மாற்றிக்கொண்டு வந்த கதை எனக்குத் தெரிந்தே மூன்று இருக்கிறது.

ஆனால் ரசனை தானாக மாறவில்லை, வரியும் கூட இருந்து தள்ளிவிட்டது. 2006 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப.சிதம்பரம் சின்ன கார்களுக்கு உற்பத்தி வரியை 24-லிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். சின்ன கார் என்றால் என்ன? நீளம் 4 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, பெட்ரோல் என்ஜின் 1,200 சிசி, டீசல் 1,500 சிசி தாண்டக் கூடாது. ஹேட்ச்பேக்குக்கு இதில் கஷ்டமே இல்லை. செடானுக்கோ உயிரே அந்த நீளத்தில்தான் இருக்கிறது. முன்னால் என்ஜின் பெட்டி, நடுவில் ஆள் பெட்டி, பின்னால் சாமான் பெட்டி என்று மூன்றையும் 4 மீட்டருக்குள் அடைக்கச் சொன்னால் ஏதாவது ஒன்றை நறுக்கத்தான் வேண்டும். 2008-ல் டாடா இண்டிகோ சிஎஸ் அப்படி நறுக்கி வந்தது. முதலில் 4,160 மில்லிமீட்டர் இருந்த ஸ்விஃப்ட் டிசையர் 2012-ல் 3,995 ஆகச் சுருங்கியது, பின்பக்கத்தை யாரோ ரம்பம் வைத்து அறுத்த மாதிரி. அப்புறம் அமேஸ், எக்சென்ட், ஆஸ்பயர், அமியோ என்று வரிசையாக வால் வெட்டிய செடான்கள். (இப்போதைய டிசையர் பார்க்க நன்றாகவே இருக்கிறது, பாதுகாப்புச் சோதனையில் 5 நட்சத்திரமும் வாங்கியது. அதைக் குறை சொல்ல மாட்டேன்.)

எஸ்யூவியை 4 மீட்டருக்கு வெட்டினால் அசிங்கமாகத் தெரியாது. அதற்கு வாலே கிடையாதே. எகோஸ்போர்ட் 3,999 மில்லிமீட்டர், பார்ப்பவருக்கு அது குட்டையாகத் தெரியவில்லை, கம்பீரமாகத் தெரிந்தது. பிரெஸ்ஸா, நெக்ஸான், வென்யூ எல்லாம் அதே வழியில் வந்தவை. ஒரே சட்டம் செடானின் அழகைக் கெடுத்துவிட்டு எஸ்யூவிக்குக் கை கொடுத்தது. அரசாங்கம் எஸ்யூவியை வளர்க்கவும் நினைக்கவில்லை. 2013 பட்ஜெட்டில் அதற்குத் தனியாக வரியை 27-லிருந்து 30 ஆக ஏற்றினார்கள், அதற்குத் தரை இடைவெளி (கிரவுண்ட் கிளியரன்ஸ்) 170 மில்லிமீட்டர் என்று ஒரு கோடும் போட்டார்கள். உடனே மஹிந்திரா தன் எக்ஸ்யூவி500-ல் ஒரு மாடலை அந்தக் கோட்டுக்குக் கீழே இறக்கிவிட்டது. கார்களின் வடிவத்தைப் பொறியாளர்களும் வரி ஆலோசகர்களும் சேர்ந்துதான் இந்த ஊரில் வரைகிறார்கள்.

2025 செப்டம்பர் 22-லிருந்து வந்த புது ஜிஎஸ்டியிலும் அந்த 4 மீட்டர் கோடு அப்படியே இருக்கிறது. நீளமும் சிசியும் வரம்புக்குள் இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40. சிட்டி, வெர்னா, வர்ட்டஸ், ஸ்லேவியா எல்லாம் 40-ல். செஸ் என்ற கூடுதல் வரியெல்லாம் சேர்த்து முன்னால் கட்டியதற்கு இது குறைவுதான் என்றாலும், ஒரு செடானுக்கும் 4 மீட்டர் எஸ்யூவிக்கும் நடுவே உள்ள பள்ளம் இன்னும் அகலமாகத்தான் ஆகியிருக்கிறது.

டீசல் கதையையும் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையில் மாதம் மூவாயிரம், நாலாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிற ஆட்கள், அதாவது கோழிப்பண்ணைக்காரர், நூல் வியாபாரி, மருந்துக் கம்பெனி மேனேஜர் இவர்களெல்லாம் ஒரு காலத்தில் டீசல் செடான் பக்தர்கள். வெர்னா, வென்டோ, ரேபிட், டிசையர் எல்லாவற்றிலும் டீசல் இருந்தது. டேங்க் நிரப்பினால் சென்னை போய்த் திரும்பலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்தது, சின்ன டீசல் என்ஜினைச் சுத்தப்படுத்துகிற செலவு கட்டுப்படியாகாமல் பல கம்பெனிகள் விலகின. 2023-ல் சிட்டியிலும் வெர்னாவிலும் டீசல் நின்றுபோனது. க்ரெட்டாவில் நிற்கவில்லை. அந்தக் கோழிப்பண்ணைக்காரர் எஸ்யூவி மேல் காதல் வந்து போகவில்லை, டீசலைத் தேடிப் போனார், அது எஸ்யூவிக்குள் இருந்தது.

இவ்வளவும் கடைப் பக்கத்துக் காரணங்கள். ரோட்டுப் பக்கம் வந்தால்தான் எனக்கு உண்மையிலேயே விடை கிடைத்தது.

செடானைக் கண்டுபிடித்த ஊர்களில் ரோட்டுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. மெதுவாகப் போகிறவர் ஓரம், முந்துகிறவர் நடுப்பக்கம், முந்தியதும் ஓரத்துக்குத் திரும்புவது. அந்த ஒழுங்கு இருந்தால் தாழ்வாக உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு ஒரு குறையும் இல்லை. நம் நாலு வழிச் சாலையில் என்ன நடக்கிறது? வலது லேனில் லாரி. அதுவும் 50-ல். டிரைவரைத் திட்டுவது சுலபம், நானும் திட்டியிருக்கிறேன், ஆனால் இடது லேனைப் பாருங்கள்: ஓரமாக நிறுத்திய இன்னொரு லாரி, அதன் பின்னால் எச்சரிக்கைக்கு நாலு கல்லும் ஒரு மரக்கிளையும், சர்வீஸ் ரோடு இல்லாததால் எதிர்த் திசையில் வருகிற டிவிஎஸ் எக்ஸெல், ஊருக்கு ஊர் மீடியனில் ஒரு வெட்டு, பஸ் நிறுத்தத்தில் பாதி ரோட்டை அடைத்து நிற்கிற டவுன் பஸ். பாரம் ஏற்றிய லாரிக்கு ஒவ்வொரு தடவையும் வேகம் குறைத்து லேன் மாறுவதைவிட வலது லேனிலேயே கிடப்பது புத்திசாலித்தனம். அப்போது கார் இடதுபக்கம் புகுந்து முந்துகிறது. இதற்குத் தேவை நல்ல சஸ்பென்ஷன் இல்லை. லாரிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற உயரம்.

முன்னெல்லாம் செடானில் உட்கார்ந்து, முன்னால் போகிற காரின் பின் கண்ணாடி, முன் கண்ணாடி இரண்டின் வழியாகவும் அதற்கு முந்தின காரின் பிரேக் விளக்கைப் பார்க்க முடியும். இப்போது முன்னால் போவது எஸ்யூவி என்றால் எனக்குத் தெரிவது அதன் கதவும் ஸ்டெப்னியும்தான். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு வைகைக் கரையில் முன்னால் நிற்கிறவர் பிள்ளையைத் தோளில் தூக்கிவைத்தால் பின்னால் நிற்கிற எல்லோரும் தூக்க வேண்டியதாகிவிடும், கடைசியில் யாருக்கும் முன்பைவிட நன்றாகத் தெரியாது, தோள்வலி மட்டும் மிச்சம். அதேதான்.

ராத்திரியில் இது இன்னும் மோசம். எஸ்யூவியின் விளக்கு உயரத்தில் இருக்கிறது, செடானின் கண்ணாடி தாழ்வில் இருக்கிறது. பின்னால் வருகிறவர் லோ பீமில் ஒழுங்காக வந்தாலும் அது நேராக என் உள்கண்ணாடியில் விழும். அவர் ஒழுங்காகவும் வருவதில்லை, ஹை பீம், அதற்கு மேல் கடையில் மாட்டிய வெள்ளை எல்இடி. எதிர்த் திசைக்குக் குறுக்கே மீடியனில் அரளிச் செடி வைத்திருக்கிறார்களே, அது அழகுக்கு மட்டும் இல்லை, எதிரே வரும் வெளிச்சத்தை மறைக்கவும்தான். அரளி காய்ந்துபோன இடங்களில் சில நொடி குருடனாகத்தான் ஓட்டுகிறேன். அந்தச் சில நொடியில் 90-ல் போகிற கார் ஒவ்வொரு நொடிக்கும் 25 மீட்டர் கடந்திருக்கும்.

வேகத்தையும் உயரம் ஏமாற்றும். தரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் தார் கண்ணுக்கு அருகில் ஓடுகிறது, 100 என்பது 100 ஆகத் தெரியும். ஓர் அடி மேலே உட்கார்ந்து பாருங்கள், அதே 100 நிதானமாக இருக்கிறது. நண்பரின் எஸ்யூவியைத் திண்டிவனம் தாண்டி ஓட்டியபோது சும்மா 90-ல் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு மீட்டரைப் பார்த்தால் 118. 80-க்கு மேல் போனால் டிங் டிங் என்று அடிக்கிற மணி 2019 ஜூலையிலிருந்து எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம், 120 தாண்டினால் விடாமல் கத்தும். அது எங்களுக்குப் பின்னணி இசையாகிவிட்டது. வேக வரம்பு விஷயத்தில் சட்டமே ஒரு நிலையில் நிற்கவில்லை: 2018 ஏப்ரலில் விரைவுச்சாலையில் 120, நாலு வழிச் சாலையில் 100 என்று மத்திய அரசு ஏற்றியது, 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. ரோட்டில் போர்டு 80 என்கும், பின்னால் வருகிறவர் லைட்டை அடித்து அடித்து 120 என்பார்.

'அப்படியானால் ஓட்டத் தெரிந்தவர்கள் செடானில் போகட்டும், மற்றவர்கள் எஸ்யூவியில் போகட்டும்' என்று கார்ப் பிரியர்கள் சிலர் மெத்தனமாகச் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எஸ்யூவி வாங்குகிறவர் முட்டாள் இல்லை, இந்த ரோட்டுக்கு எது தோதோ அதை வாங்குகிறார். என் அப்பாவுக்கு வயது 74, முட்டி வலி. செடானில் அவர் உட்கார வேண்டுமென்றால் கதவைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்க வேண்டும், எழுந்து வர ஒருவர் கை கொடுக்க வேண்டும். எஸ்யூவியில் நாற்காலியில் உட்கார்வது மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தால் போதும். 2015 டிசம்பரிலும் 2023-ல் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் முட்டளவுத் தண்ணீரில் கார் நின்றதைப் பார்த்தவருக்கு, என்ஜினுக்குள் தண்ணீர் போனால் என்ன செலவாகும் என்று தெரிந்தவருக்கு, தாழ்ந்த கார் வாங்கு என்று எந்த முகத்தோடு சொல்வது?

கூடவே டாக்ஸி முத்திரை. எடியோஸும் டிசையரும் கால் டாக்ஸியாக ஓடி ஓடி, வெள்ளை செடான் என்றாலே ஏர்போர்ட் பிக்கப் என்று ஆகிவிட்டது. என் காரையே ஒரு தடவை கோயம்பேட்டில் ஒரு பெரியவர் கதவைத் திறந்து ஏறி, ஓடிபி சொல்ல ஆரம்பித்தார்.

ஆக மிச்சமிருக்கிற செடான்கள் யாருக்கு? 150 குதிரைத்திறன் வர்ட்டஸ், 160 குதிரைத்திறன் வெர்னா டர்போ எல்லாம் கிட்டத்தட்ட ஓட்டுகிற ஆசைக்காகவே வாங்குகிறவர்களின் கார்கள். குடும்பக் கார் என்ற இடத்திலிருந்து பொழுதுபோக்குக் கார் என்ற இடத்துக்கு நகர்ந்துவிட்டன. 2000-ஐ ஒட்டி வந்த சிட்டி விடெக்கை இன்னும் பளபளவென்று வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்த வரிசையில் நாளைக்கு இவை நிற்கும்.

அன்றைக்கு மதுரை போய்ச் சேர ராத்திரி பன்னிரண்டு ஆகிவிட்டது. விராலிமலை தாண்டியபின் ரோடு காலி, 95-ல் வண்டி கோடு போட்ட மாதிரி போனது, பின்சீட்டில் எல்லோரும் தூக்கம், அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் இந்தக் காரை இன்னும் விற்காமல் வைத்திருக்கிறேன். அத்தை வீட்டுத் தெருமுனையில் புதிதாக ஒரு ஸ்பீடு பிரேக்கர் போட்டிருந்தார்கள். சாலை விதிப் புத்தகத்தில் வேகத்தடை என்றால் 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், அதாவது மெல்ல ஏறி மெல்ல இறங்குகிற மேடு. இது தெருக்காரர்கள் தாங்களே சிமெண்டில் கட்டியது, அகலம் ஒரு முழம் இருக்கும். ஐந்து பேரும் டிக்கி நிறைய சாமானும் இருந்தால் அடி தட்டும் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அப்பா உட்பட எல்லோரையும் எழுப்பி இறக்கிவிட்டு, காலி வண்டியைக் குறுக்காக ஓட்டி, ஒரு சக்கரமாக ஏற்றி இறக்கினேன். சத்தம் கேட்டு அத்தை வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏன்டா, அவ்வளவு தூரம் கார்ல வந்துட்டு இங்க வந்து நடந்து வர்றீங்க?"